சிவப்பாகணும்னு ஆசைப்பட்டேன்... ஆயிட்டேன்!

சேலத்தில் நான் குடியிருக்கிற ஏரியா, ஃபேர்லேண்ட்ஸ். பேரிலேயே 'ஃபேர்' இருக்கிறது. ஆனால் என் முகத்தில் இல்லை. அம்மா மாநிறம் என்பாள். உறவுக்காரர்கள் 'கொஞ்சம் கலர் கம்மி' என்பார்கள். கல்யாணத் தரகர் மட்டும் ரொம்ப நாசூக்கான மனுஷர். ஜாதகத்தோடு சேர்த்து அனுப்பிய குறிப்பில் 'நல்ல உயரம்' என்று எழுதிவிட்டு, நிறத்துக்கான இடத்தைக் காலியாகவே விட்டிருந்தார்!

நாமக்கல்லில் ஒரு பெண் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. ஆறு வாரம் அவகாசம். பி.காம். படித்துவிட்டு, பேலன்ஸ் ஷீட் போடாமல் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிற முப்பத்து மூணு வயசுப் பையனுக்கு வரன் அமைவதே அபூர்வம். 'மாப்பிள்ளை என்ன பண்றார்?' என்ற கேள்விக்கே எங்கள் வீட்டில் உருப்படியான பதில் கிடையாது. அதனால் முகத்தையாவது சரி பண்ணலாம் என்று தோன்றியது. விதி சிரித்ததை நான் கவனிக்கவில்லை.

நாலு ரோடு பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப். (பேர் வேண்டாம். இந்த மாதிரி கடை உங்க தெருவிலும் இருக்கும்.)

"அண்ணே, முகம் பளிச்சுனு ஆக ஏதாவது..."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொண்ணு பாக்கப் போறீங்களா தம்பி?" என்றார். எத்தனை முகங்களைப் பார்த்த அனுபவமோ! கையைக்கூட நீட்டவில்லை, தானாகவே ஒரு சின்ன டியூப் மேஜைக்கு வந்தது. நூத்திச் சொச்சம் ரூபா. "நைட் மட்டும் போடுங்க. பத்தே நாள்ல வித்தியாசம் தெரியும்" என்றார்.

மனுஷர் பொய் சொல்லவில்லை சார். எட்டாவது நாளே தெரிந்தது!

தேன்நிலவு... இரண்டு வாரம்

முகம் வழவழவென்று ஆனது. பருக்கள் காணாமல் போயின. பக்கத்து வீட்டு ஆன்ட்டி, "என்ன தம்பி, ஏசி ஆபீஸ்ல வேலை கிடைச்சிடுச்சா?" என்று விசாரித்தார். உற்சாகம் தாங்காமல் நானாகவே சில உபதொழில்களையும் ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு அஞ்சு தடவை ஃபேஸ்வாஷ். வாரம் ரெண்டு தடவை சொரசொரப்பான ஸ்க்ரப். ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சம் பழத்தைப் பாதியாக வெட்டி முகத்தில் ஒரு உரசல்.

நாலாவது வாரம் ஒரு வேலையாகச் சென்னை போனேன். டியூபை வீட்டிலேயே மறந்துவிட்டேன். மூணு நாள்தான். மூணாவது நாள் காலையில் லாட்ஜ் கண்ணாடியைப் பார்த்தால்... எதிரே யாரோ ஒரு ஆள். கன்னம் ரெண்டும் தக்காளி. மூக்கோரம் உரிகிறது. வெறும் தண்ணீர் பட்டால்கூட மிளகாய்ப்பொடி தூவின மாதிரி எரிகிறது.

தமிழில் 'சிவப்பு' என்று சொன்னால் ரெண்டு அர்த்தம் உண்டு. நான் ஒண்ணைக் கேட்டேன். ஆண்டவன் இன்னொண்ணைக் கொடுத்துவிட்டான்!

ஊர் திரும்பியதும் அம்மா பதறிப்போனாள். "என்ன கண்ணு இது, மூஞ்சி வெந்து போன மாதிரி இருக்குது?" உடனே தேங்காய் எண்ணெய். மறுநாள் "உடம்புச் சூடு" என்று விளக்கெண்ணெய். அதற்கடுத்த நாள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி, துபாயிலிருந்து மகன் அனுப்பிய ஆலிவ் எண்ணெயைப் பெரிய மனசோடு ஒரு கிண்ணத்தில் கொடுத்தனுப்பினார். நாமக்கல் பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது என் முகத்தில் வடை சுடலாம் என்கிற நிலைமை. எண்ணெயும் இருந்தது, சூடும் இருந்தது.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி

ஃபேர்லேண்ட்ஸில் தடுக்கி விழுந்தால் ஆஸ்பத்திரி வாசலில்தான் விழ வேண்டும். ஆனாலும் ஒரு தோல் டாக்டரிடம் போக எனக்கு இவ்வளவு நாள் ஆனது. உள்ளே போனேன். இன்னும் நாற்காலியில் உட்காரவில்லை.

"எந்த டியூப்?" என்றார் டாக்டரம்மா.

பாக்கெட்டிலிருந்து எடுத்து நீட்டினேன். அவர் படித்துக் காட்டினார். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். முதலாவது நிறமியைக் குறைக்கிற மருந்து. ரெண்டாவது மேல் தோலை வேகமாகப் புதுப்பிக்கிற மருந்து. மூணாவது, ஸ்டீராய்டு.

இந்த மாதிரி மூணு மருந்துக் கூட்டணியை 1975ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மேனும் அவரோடு வில்லிஸ் என்பவரும் வெளியிட்டார்கள். (அதில் இருந்த ஸ்டீராய்டு டெக்ஸாமெத்தசோன்.) மங்கு என்கிறோமே, கன்னத்தில் படருகிற கருந்திட்டு, அது மாதிரி நிறக் கோளாறுகளுக்கு டாக்டர் மேற்பார்வையில் சில வாரம் போடுகிற சமாச்சாரம். நம்ம ஊரில் அது பெண் பார்க்கப் போகிறவனுக்கு ஃபேஸ் க்ரீம் ஆகிவிட்டது!

ஸ்டீராய்டு மேல் எனக்குக் கோபம் வந்தது. டாக்டரம்மா தடுத்தார். "அது வில்லன் இல்லை தம்பி. 1952ல் ஹைட்ரோகார்ட்டிசோன் மேல்பூச்சா வந்தப்பதான் எக்ஸிமா நோயாளிகளுக்கே விடிவு பிறந்தது. இன்னிக்கும் நான் தினமும் எழுதறேன். எந்த வீரியம், எந்த இடம், எத்தனை நாள் என்பதுதான் விஷயம். முகத்துல, மாசக்கணக்குல, கடைக்காரர் சொல்லிப் போட்டா இப்படித்தான்."

அப்படியென்றால் அந்த ரெண்டு வாரப் பளபளப்பு? அதற்கும் காரணம் சொன்னார். ஸ்டீராய்டு ரத்த நாளங்களைச் சுருக்கும். அந்த இடம் வெளுக்கும். 1962லிருந்தே ஸ்டீராய்டு பூச்சுகளின் வீரியத்தை அளக்க ஒரு சோதனை உண்டு. தோலில் தடவி, எவ்வளவு வெளுக்கிறது என்று பார்ப்பதுதான் அது. நான் கண்ணாடியில் பார்த்து ரசித்த 'கலர்', மருந்தின் வீரியம். மருந்தை நிறுத்தியதும் சுருங்கிய நாளங்கள் வட்டியும் முதலுமாக விரிந்துகொண்டன. ஆக, கடன் வாங்கின பளபளப்பு.

நான் மட்டும் ஏமாளி இல்லை என்பதில் ஒரு அற்ப சந்தோஷம். நாடு முழுக்க 12 தோல் சிகிச்சை மையங்களில் நடத்தி 2011ல் வெளியிட்ட ஆய்வில், முகத்தில் தோல் பிரச்னையோடு வந்த 2,926 பேரைப் பரிசோதித்திருக்கிறார்கள். அதில் 433 பேர் ஸ்டீராய்டு பூச்சு போட்டுக்கொண்டிருந்தவர்கள். கிட்டத்தட்ட ஏழு பேருக்கு ஒருத்தர். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை 'ஹெச்' அட்டவணைக்குள் கொண்டுவந்தது. அதாவது, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சட்டம் இருக்கிறது. மெடிக்கல் ஷாப் அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் அது நுழையவில்லை, அவ்வளவுதான்.

செங்கல்லும் கலவையும்

இப்போது பாடம். வீடு கட்டிப் பார்த்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும்.

நம் தோலின் மேல் அடுக்கு ஒரு சுவர். 1980களில் பீட்டர் எலியாஸ் என்ற கலிஃபோர்னியா தோல் ஆராய்ச்சியாளர் பிரபலமாக்கின உவமை இது. காய்ந்து தட்டையாகிப் போன செல்கள் செங்கல். அவற்றுக்கு நடுவே இருக்கிற கொழுப்பு, கலவை. பதினைந்து இருபது வரிசை அடுக்கினாலும் மொத்தக் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்று, ரெண்டு பங்குதான். இவ்வளவு மெல்லிசான சுவர்தான் உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகிப் போகாமலும், வெளியே இருக்கிற தூசி, சோப்பு, கிருமி உள்ளே வராமலும் காவல் காக்கிறது.

கலவையில் சரிபாதி செராமைடு. கால் பங்கு கொலஸ்ட்ரால். மிச்சத்தில் முக்கியமானது கொழுப்பு அமிலங்கள். (ஆமாம் சார், லேப் ரிப்போர்ட்டில் பார்த்து நாம் பயப்படுகிற அதே கொலஸ்ட்ரால்தான். முகத்தில் இல்லாமல் போனால் அப்போது தெரியும் அதன் அருமை!)

வீரியமான ஸ்டீராய்டு, தோல் இந்தக் கலவையைத் தயாரிக்கிற வேலையைக் குறைத்துவிடுகிறது. 2003ல் எலியாஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மூணே நாள் பூசினதற்கே சுவர் பலவீனமானது தெரிந்தது. நானோ நாலு வாரம் பூசியிருக்கிறேன். போதாததற்கு ஸ்க்ரப் போட்டுச் செங்கல்லைப் பெயர்த்திருக்கிறேன். சோப்பு போட்டுக் கலவையைக் கழுவியிருக்கிறேன். எலுமிச்சம்பழ அபிஷேகம் வேறு.

காமர்ஸ் பாஷையில் சொன்னால், வரவு நின்றுபோச்சு, செலவு அஞ்சு மடங்கு. திவாலாகாமல் என்ன செய்யும்?

"இதுக்கு என்ன மருந்து மேடம்?"

"முதல் மருந்து, சும்மா இருக்கிறது" என்றார். ஸ்க்ரப் கிடையாது. எலுமிச்சை கிடையாது. வாசனை போட்ட எதுவும் கிடையாது. ஸ்டீராய்டை எப்படிப் படிப்படியாக விடுவது என்று எனக்குத் தனியாக எழுதிக் கொடுத்தார். அதை இங்கே எழுத மாட்டேன். எனக்கு எழுதினது எனக்குத்தான். உங்களுக்குச் சொன்னால் எனக்கும் அந்த மெடிக்கல் ஷாப் அண்ணனுக்கும் என்ன வித்தியாசம்? ஆனால் ஒண்ணு சொல்லலாம். மாசக்கணக்கில் போட்டுவிட்டு ரோஷம் வந்து ஒரே ராத்திரியில் தூக்கி எறிந்தால், முகம் என்னைப் போலத் தக்காளியாகும். டாக்டரிடம் காட்டிவிட்டு எறியுங்கள்.

"ரெண்டாவது மருந்து?"

"மாய்ஸ்சரைசர். மூணாவது, பொறுமை."

மூணு வேலை, மூணு சாமான்

மாய்ஸ்சரைசர் என்றால் பெண்கள் சமாச்சாரம், பனிக்கால சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்பது டிகிரியை எட்டிப் பார்க்கிற சேலம் வெயிலில் எதற்கு? வேர்வைதான் ஆறாக ஓடுகிறதே?

வேர்வை வேறு, ஈரம் வேறு. வேர்வை மேலே வந்து காய்ந்து போகிறது. சுவர் உடைந்த வீட்டில் தண்ணீர் லாரி வந்து ஊற்றினாலும் தொட்டி நிறையுமா?

மாய்ஸ்சரைசர் டப்பாவுக்குள் மூணு விதமான சாமான்கள் உண்டு.

ஒண்ணு, தண்ணீரை இழுத்துப் பிடிக்கிற சாமான். கிளிசரின், யூரியா மாதிரி. (வயலுக்குப் போடுகிற யூரியாவை எடுத்துப் பூசிவிடாதீர்கள். க்ரீமில் இருப்பது அளந்து சுத்தமாகப் போட்டது. அதுவும் புண்ணாகியிருக்கிற முகத்தில் எரியும்.)

ரெண்டு, விரிசலை அடைக்கிற சாமான். செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம். சுவரில் காணாமல் போன அதே கலவை.

மூணு, மூடி. பெட்ரோலியம் ஜெல்லி மாதிரி. தண்ணீர் ஆவியாகாமல் தடுப்பதில் இதை அடிச்சிக்க ஆள் இல்லை. அமெரிக்காவில் எண்ணெய்க் கிணறு தோண்டினபோது, ராடுகளில் ஒட்டிக்கொண்ட பிசுக்கைத் தொழிலாளிகள் வெட்டுக்காயத்துக்குத் தடவிக்கொள்வதைப் பார்த்தார் ராபர்ட் செஸ்பரோ. அதைச் சுத்தப்படுத்தி 1872ல் வேஸலின் என்று காப்புரிமை வாங்கினார். தொண்ணூத்தாறு வயசு வரை வாழ்ந்தார். ரொம்ப நாளாக, இது தோல் மேல் உட்கார்ந்து மூடுவது மட்டும்தான் என்று நினைத்தார்கள். 1992ல் வந்த ஆய்வு, அது மேலடுக்கின் இடுக்குகளுக்குள்ளேயும் இறங்கி, சுவர் தன்னைத்தானே கட்டிக்கொள்வதற்கு இடைஞ்சல் பண்ணாமல் இருக்கிறது என்று காட்டியது.

விலைக்கும் வேலைக்கும் சம்பந்தம் இல்லை என்றார் டாக்டரம்மா. வாசனை இல்லாதது, சாமான் பட்டியல் சின்னதாக இருப்பது. இதுதான் அடையாளம். முகத்தில் தண்ணீர் முழுசாகக் காய்வதற்குள், அதாவது ஒற்றித் துடைத்த மூணு நிமிஷத்துக்குள், தடவிவிட வேண்டும். நான் வாங்கினதின் விலை, என் சொந்தப் பணத்தில் நான் வாங்கிய ஸ்க்ரப்பை விடக் குறைவு. அந்த நஷ்டத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது?

வைத்தியனா... வாணியனா?

இந்த இடத்தில் அம்மா குறுக்கிட்டாள். எனக்குத் துணையாக வந்திருந்தாள். "ஏங்க டாக்டரம்மா, வைத்தியனுக்குக் கொடுக்கிறதை வாணியனுக்குக் கொடுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. அப்புறம் எப்படி எண்ணெய் வெச்சதும் இவனுக்கு ஜாஸ்தியாச்சு?"

நியாயமான கேள்வி. டாக்டரம்மா சிரித்துவிட்டு, "பழமொழி சரிம்மா. எந்த எண்ணெய்னு பழமொழி சொல்லலையே!" என்றார்.

நானும் அப்புறம் தேடிப் படித்தேன். எல்லா எண்ணெயும் ஒரே ஜாதி இல்லை.

1929ல் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற அமெரிக்கத் தம்பதி, எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத சாப்பாடு போட்டார்கள். எலிகளின் தோல் செதில் செதிலாக உரிந்தது. அப்புறம் கண்டுபிடித்தார்கள், காணாமல் போனதில் முக்கியமானது லினோலிக் அமிலம். நம் சுவரின் செராமைடுகளில் முக்கியமான ஒரு வகையைக் கட்ட இந்த அமிலம் தேவை. அது நிறைய இருப்பது சாதாரண சூரியகாந்தி எண்ணெயில்.

பங்களாதேஷ், டாக்கா. குழந்தைகள் ஆஸ்பத்திரியில், மாசம் நிறையாமல் பிறந்த ஏறக்குறைய ஐந்நூறு சிசுக்களை வைத்து ஒரு ஆய்வு. குறைமாசக் குழந்தைக்குத் தோல் சுவர் இன்னும் கட்டி முடியாத வீடு. அதன் வழியே கிருமி சுலபமாக நுழைந்துவிடும. ஒரு பிரிவுக் குழந்தைகளுக்குத் தினமும் சூரியகாந்தி எண்ணெய் தடவினார்கள். ஆஸ்பத்திரியில் தொற்று ஏற்படுகிற வாய்ப்பு 41 சதவீதம் குறைந்தது. 2005ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான முடிவு இது. படித்தபோது, என் மூக்கு உரிந்த கதை ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. அழகு சமாச்சாரம் என்று நான் நினைத்தது, அங்கே உயிர் சமாச்சாரம்.

ஆலிவ் எண்ணெய்? இங்கிலாந்தில் 2013ல் வெளிவந்த ஒரு ஆய்வு. 19 பேர். கையில் ஆலிவ் எண்ணெயைத் தினம் ரெண்டு வேளை சில சொட்டு, நாலு வாரம். தோலின் சுவர் பலவீனமானது, சிவப்பும் தட்டியது. சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. ஆலிவில் ஜாஸ்தி இருப்பது ஓலிக் அமிலம். அது கலவையைக் குலைத்து ஊடுருவுகிற சுபாவம் உள்ளது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி மேல் வருத்தமில்லை. சாலடுக்கு அது அமிர்தம்.

கடுகு எண்ணெயும் அப்படித்தான். 2002ல் எலிகளை வைத்துச் செய்த சோதனையில், உடைந்த சுவர் ஆறுவதைச் சூரியகாந்தி துரிதப்படுத்தியது, கடுகு தாமதப்படுத்தியது.

தேங்காய் எண்ணெய்க்கு நல்ல சர்டிபிகேட் உண்டு. பிலிப்பைன்ஸில் 2004ல், வறண்ட கால் தோலுக்குத் தேங்காய் எண்ணெயையும் மினரல் ஆயிலையும் போட்டுப் பார்த்தார்கள். ரெண்டும் சமமாகப் பலன் தந்தன. ஆக, காலுக்குச் சரி, கைக்குச் சரி. பருவும் எண்ணெய்ப் பசையும் உள்ள முகத்துக்கு? யோசிக்கணும். நம் நல்லெண்ணெயில் ஓலிக்கும் லினோலிக்கும் கிட்டத்தட்டச் சரிபாதி. சனிக்கிழமைக் குளியலுக்கு, நல்லா இருக்கிற தோலுக்கு அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் குளித்து முடிக்கும்போது அரப்புத் தூளைப் போட்டு முகத்தைப் பரபரவென்று தேய்க்கிறோமே, உடைந்த சுவருக்கு அது கடப்பாரை.

இன்னொரு ரகசியம். பொடுகுக்குக் காரணமாகச் சொல்கிற மலாஸ்ஸீசியா என்ற பூஞ்சை நம் எல்லார் தோலிலும் இருக்கிறது. அதைப் பரிசோதனைக் கூடத்தில் வளர்க்க வேண்டுமென்றால், தட்டின் மேல் ஆலிவ் எண்ணெய் ஊற்றுவார்கள். அதுதான் அதற்குச் சாப்பாடு! தலையில் பொடுகும், புருவத்திலும் மூக்கோரத்திலும் மஞ்சள் செதிலும் இருந்தால் அது வறட்சி இல்லை. அதன் மேல் எண்ணெய் தடவுவது, வேண்டாத விருந்தாளிக்கு இலை போட்டுப் பாயசம் பரிமாறுவது. பிரம்மச்சாரிகள் கவனிக்க.

பாத்ரூம் கணக்கு

தோலின் மேற்பரப்பு கொஞ்சம் அமிலத் தன்மை உள்ளது. ஜெர்மானிய டாக்டர்கள் ரெண்டு பேர் 1928லேயே அதற்கு 'அமிலப் போர்வை' என்று பேர் வைத்தார்கள். பி.ஹெச். கணக்கில் அஞ்சுக்குப் பக்கம். சாதாரணக் குளியல் சோப்பு ஒன்பது, பத்து. கலவை தயாரிக்கிற என்ஸைம்களுக்கு அமிலம் இருந்தால்தான் வேலை ஓடும். அஞ்சு தடவை சோப்பு போட்டால் ஃபாக்டரி அஞ்சு தடவை ஸ்ட்ரைக்!

சேலத்துக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி, போர் தண்ணீர். காவிரித் தண்ணீர் வராத நாளில் அதுதான் கதி. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று இன்னும் கொஞ்சம் தேய்ப்போம். அது முழுசாகக் கழுவிப் போகாமல் தோலிலேயே தங்கும். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளிடம் எடுத்து 1998ல் வெளியிட்ட கணக்கில், கடினத் தண்ணீர்ப் பகுதிகளில் எக்ஸிமா ஜாஸ்தி என்று தெரிந்தது. உடனே தண்ணீரை மென்மையாக்கும் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே எக்ஸிமா உள்ள குழந்தைகளின் வீடுகளில் அந்த மெஷினை மாட்டிப் பார்த்து 2011ல் ஒரு ஆய்வு வந்தது. பெரிய பலன் இல்லை. சோப்பைக் குறைப்பதற்குச் செலவே கிடையாது.

டாக்டரம்மா எனக்குச் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொள்ளலாம்.

முகம் கழுவுவது ரெண்டு வேளை போதும். வெந்நீர் வேண்டாம். துண்டால் துடைக்காதீர்கள், ஒற்றி எடுங்கள்.

புதுசாக எந்த எண்ணெய், க்ரீம் வாங்கினாலும், முழங்கையின் உள்பக்கம் ஒரு வாரம் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்கு வாருங்கள். எரிந்தால், சிவந்தால் அது உங்களுக்கு இல்லை.

எலுமிச்சை பூசி வெயிலில் போகாதீர்கள். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்பளித்துக் கறுத்துவிடும். இயற்கை என்றால் சாது என்று அர்த்தமில்லை. சேலத்தானுக்கு இதைச் சொல்ல வேண்டுமா? நம்ம ஊர் மாம்பழத்தின் காம்புப் பால் பட்டு வாயோரம் வெந்து போகாத ஆள் யார்?

டியூப் வாங்கும்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது இருந்தால் அது அழகு க்ரீம் இல்லை, மருந்து. டாக்டர் எழுதாமல் முகத்துக்குப் போகக் கூடாது.

தோல் வெடித்து நீர் வடிந்தால், சீழ் வைத்தால், கண்ணைச் சுற்றி வீங்கினால் எண்ணெய் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு நேராக டாக்டரிடம் போங்கள்.

கடைசியாக, காலண்டர். மேல் தோல் முழுசாகப் புதுப்பிக்க ஏறக்குறைய ஒரு மாசம் ஆகும். ஸ்டீராய்டு வாங்கின அடியிலிருந்து தேற அதற்கும் மேலே, சிலருக்குப் பல மாசம்.

நாமக்கல் படலம்

நமக்குத்தான் பத்தே நாள் இருந்ததே! தேதியைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டேன். "நல்ல நாள் பார்த்து வெச்சது சாமி, தள்ளிப்போட்டா வேற மாதிரி நினைப்பாங்க" என்றாள் அம்மா. எரிச்சல் கொஞ்சம் தணிந்திருந்தது. சிவப்பு போகவில்லை. மூக்கு உரிந்தபடியே போய் உட்கார்ந்தேன். கேசரி வந்தது. பஜ்ஜி வந்தது. தனியாகப் பேச அஞ்சு நிமிஷம் கொடுத்தார்கள்.

பெண் நேரடியாகக் கேட்டாள். "முகத்துக்கு என்னங்க ஆச்சு?"

வெயில், அலர்ஜி என்று ரெண்டு மூணு பொய் தயாராக வைத்திருந்தேன். ஏனோ சொல்லத் தோன்றவில்லை. மெடிக்கல் ஷாப்பிலிருந்து ஆலிவ் எண்ணெய் வரை முழுக்கதையையும் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு டியூபைக் கொண்டுவந்து காட்டினாள்.

அதே டியூப்!

"தம்பி ரெண்டு வருஷமாப் போடறான். காலேஜ்ல யாரோ சொன்னாங்களாம். இப்ப நிறுத்தினா எரியுதுன்னு நிறுத்தவே மாட்டேங்கிறான். வெயில்ல வெளிய வர்றதில்லை. போட்டோன்னா ஓடிடறான். அதான் உங்க முன்னாடி வரலை" என்றாள்.

கதவிடுக்கில் ஒரு பையன் நின்றிருந்தான். இருபத்திரண்டு வயசிருக்கும். கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள் கோடு கோடாகத் தெரிந்தன. என்னுடையது நாலு வாரக் கடன். அவனுடையது ரெண்டு வருஷக் கடன்.

அடுத்த திங்கட்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு ஃபேர்லேண்ட்ஸ் டாக்டரம்மாவிடம் போனேன். கல்யாணம் முடிவாகவில்லை, ஆனால் மச்சான் முடிவாகிவிட்டான்! எனக்குச் சரியாக ரெண்டு மாசம் பிடித்தது. அவனுக்கு எட்டு மாசம். நடுவில் ரெண்டு தடவை தாங்க முடியாமல் பழைய டியூபைத் தேடினான். அவன் அக்கா அதைக் குப்பைத் தொட்டியில் போட்டிருந்தாள். சிவப்பு நரம்புகள் முழுசாகப் போகவில்லை. இப்போது வெயிலில் வருகிறான். கிரிக்கெட் ஆடுகிறான். வேலைக்கு இன்டர்வியூ போய்விட்டு வந்தான்.

எங்கள் கல்யாணத்துக்கு மாநிறமாகவே போய் மணவறையில் உட்கார்ந்தேன். எரியவில்லை, உரியவில்லை. பக்கத்தில் மச்சான், முதல் தடவையாக போட்டோவுக்குச் சிரித்தபடி நின்றான். ரெண்டு பேருக்கும் பெருமையான பெருமை.

ஒரு மாசம் கழித்து ஆல்பம் வந்தது. ஆசையாகத் திறந்து பார்த்தோம்.

போட்டோகிராபர் கம்ப்யூட்டரில் 'டச்சப்' பண்ணி எங்கள் ரெண்டு பேர் முகத்துக்கும் வெள்ளையடித்து வைத்திருந்தார்!